மேஸ்திரியின் முதுகு

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை ஊருக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டின் காப்பிக் களத்தில், பழம் காய வேண்டிய சிமென்ட் தரையில், அன்றைக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பறிப்புக்குப் போகிற பெண்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எடுத்துக் கட்டும் சேலையைக் கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து வந்திருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் மேஸ்திரி செங்கோடன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தரையில்தான் உட்காருவார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை, அப்படித்தான்.

களத்து ஓரச் சாளைக் குடிசைக்குள் வீராயி காக்கி அரைக்கால் சட்டையை மாட்டி, மீசையை ஒட்டிக்கொண்டிருந்தாள். குடையும் விசிலும் செங்கோடனிடமே இரவல் வாங்கியவை. எத்தனையோ தடவை ஒட்டிய மீசைதான். இன்றைக்கு ஒரு பக்கம் மேலேறி நின்றது.

இதே காப்பி வரிசைகளில் பழம் பறித்தவள் வீராயி. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்றால், சாயங்காலம் இடுப்பு தன்னுடையதா அடுத்தவளுடையதா என்று தெரியாது. அந்த வலிக்கு அவள் கண்டுபிடித்த மருந்து, மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவது. அவர் இருமுவதை இருமி, "கிளைய ஒடிக்காத புள்ள" என்று அவர் குரலில் கத்தினால், வரிசையே வலியை மறந்து பறிக்கும். அறிவொளி வகுப்பு வந்தபோது, வளர்ந்த பிறகு எழுத்துப் பழகினாள். முதலில் தன் பேரை எழுதினாள். அடுத்து எழுதியது மேஸ்திரியின் பேச்சு. அது தெரு நாடகமானது. ஏற்காட்டுக் கேபிள்காரர் அதைக் கோடை விழாவில் படம் பிடித்துப் போட, சேலத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு மெட்ராஸ் சேனலே கூப்பிட்டது. 'மலை மேல மேஸ்திரி' என்று வாரா வாரம் வந்தது. எழுதுவதும் அவள், மீசை வைத்து நடிப்பதும் அவள், வண்டி பிடித்துச் சோறு போட்டு எடுத்து முடிக்கிற தயாரிப்பாளரும் அவள்.

ஒன்றுதான் அவளுக்கு ஆகவில்லை. அவள் பேசி நிறுத்துகிற இடத்திலெல்லாம் சேனல்காரர்கள் எங்கேயோ பதிந்து வைத்த சிரிப்பை ஒட்டினார்கள்.

"ஆரு சிரிக்கறாங்கன்னே தெரியலீங்களே சார்! தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுனாப்பல இருக்குது. எங்க ஜனத்த உக்கார வச்சு எடுக்கலாமுங்க" என்று சேனலின் நிகழ்ச்சித் தலைவர் ஞானசுந்தரத்திடம் அவள் சண்டை பிடித்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பார்க்கிறவங்க குறைஞ்சுட்டே வர்றாங்கம்மா. நிறுத்திடலாம்னுதான் மேலே பேச்சு. சரி, உங்க ஜனத்தை வச்சு ஒண்ணு எடுங்க. அவங்க சிரிச்சா நடத்துவோம். அவங்களே சிரிக்கலைன்னா, அதுதான் கடைசி."

அதைப் பார்க்க அவரே வந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவர் வயிற்றைப் புரட்டியிருந்தன. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி களத்து மூலையில் நின்றார்.

கேமராக்காரர் அருள்சாமி கை காட்டினார். வீராயி குடையை ஊன்றி நடந்துவந்து, நடுக்களத்தில் நின்று, விசிலை ஊதினாள்.

அவ்வளவுதான். பெண்கள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகினார்கள். இரண்டு பேர் செடிப் பக்கமாக நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"எந்த வரிசைக்குங்க?" என்றாள் பொன்னாயி. வீராயிக்குப் பக்கத்து வரிசையில் பறித்தவள், அவளுக்கு மூத்தவள்.

"அக்கா, இது நாடகமுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். ஆனால் காலை ஆஜருக்கு நிற்பவர்கள் மாதிரி முதுகு நிமிர்ந்துவிட்டது. வீராயி தும்மினாள், குடை தானாக விரிந்தது. சிரிப்பில்லை. முதலாளியின் நாய்க்கு வணக்கம் வைத்தாள். சிரிப்பில்லை. "செரிங்க, செரிங்க" என்று மரியாதையாகத் தலையாட்டினார்கள். மெட்ராஸையே சிரிக்க வைத்த இருமலை இருமினாள். பொன்னாயி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

ஞானசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீராயி குடையை மடக்கினாள். நிகழ்ச்சி போனால் போகட்டும். தன் ஜனத்துக்கே தன்னைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அருள்சாமியிடம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பொன்னாயியின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏனக்கா, நல்லால்லியா?"

"நொம்ப நல்லாருக்குது கண்ணு. சிரிப்ப அடக்கி அடக்கி வவுறு நோகுது."

"அப்பறம் சிரிக்கறதுக்கென்ன?"

"நல்லா கேட்ட போ! மேஸ்திரி மூஞ்சிக்கு நேரா எவளாச்சும் சிரிப்பாளா?"

"நாந்தான் வீராயி!"

"ஆரு இல்லைன்னா? மீசைய வச்சுக்கிட்டு வந்து விசில் ஊதறியே சாமி. ஒடம்பு கேக்க மாட்டேங்குது."

வீராயி பொன்னாயியையே பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. வரிசையில் அவள் நடித்த காலத்திலும் இப்படித்தானே? மேஸ்திரி பார்க்கும்வரை பூனைகள். அவர் அடுத்த வரிசைக்குத் திரும்பியதும்தானே அத்தனையும்?

எழுந்து ஓடினாள்.

"அருள்சாமியண்ணா, கேமராவத் தூக்கி அந்தப் பக்கம் காப்பிச் செடிக்குள்ள வைங்க."

"அப்ப ஜனங்களுக்கு உங்க முதுகுதானே தெரியும்?"

"அதுதாங்க வேணும்."

அவள் செடிகளைப் பார்த்து நின்றாள். ஜனம் முதுகுக்குப் பின்னால். குடையை அக்குளில் இடுக்கி, செடிகளுக்கு உத்தரவு போட்டாள்: "ஏ புள்ளைங்களா, கிளைய ஒடிக்காதீங்க!"

பின்னால் ஒரு கிசுகிசுப்பு. பிறகு ஒரு 'க்ளுக்'. அவள் இருமினாள். பொன்னாயி எழுந்து, இல்லாத குடையை இடுக்கிக்கொண்டு அதே இருமலை இருமினாள். இன்னொருத்தி பூச்சரத்தை மூக்குக்குக் கீழே மீசையாகப் பிடித்துக்கொண்டாள். களம் வெடித்துச் சிரித்தது. வீராயி சட்டென்று திரும்பினாள். எல்லாரும் கோயில் சிலைகள். மறுபடி செடிப் பக்கம் திரும்பினாள். மறுபடி வெடித்தது. அவள் முகமும் பின்னால் நடக்கிற கூத்தும் கேமராவின் ஒரே சட்டத்துக்குள் விழுந்தன. அருள்சாமியின் தோள் குலுங்கியதில் படம் ஆடியது.

எல்லாருக்கும் மேலே ஒரு ஆம்பளைச் சிரிப்பு கேட்டது. செங்கோடன். நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பொன்னாயியிடம் கேட்டார்:

"ஏனுங்க ஆயா, எம் முதுகுக்குப் பொறவால இத்தனையுமா நடந்துச்சு?"

"இன்னும் இருக்குதுங்க. இன்னிக்கு எடம் பத்தல" என்றாள் பொன்னாயி.

ஞானசுந்தரம் கையில் எலுமிச்சம்பழம் இல்லை. எங்கே உருண்டது என்று அவர் தேடவும் இல்லை. "டப்பாச் சிரிப்பு வேண்டாம்மா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "அடுத்த வாரமும் இங்கேயே எடுங்க."

பனி இறங்க ஆரம்பித்தது. குடையையும் விசிலையும் திரும்ப வாங்கிக்கொண்டு செங்கோடன் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் முன்னால் நடந்தார். பெண்கள் பின்னால். பத்தடி போனதும் சட்டென்று திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்து அடக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி திரும்பினார். அதே அடக்கம். கடைசியில் வந்த வீராயிகூட, மீசையை எடுக்க மறந்து, தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள்.

அவர் முன்பக்கம் திரும்பினார். மலைச்சரிவு முழுக்கச் சிரிப்பு உருண்டது.