அரைக் கட்டை இறக்கம்

எங்கள் ராக் பேண்டில் பாடுகிறவன் நான். புதுப் பாட்டில் உச்சிக்குப் போகும்போதெல்லாம் மூன்று வாரமாகக் குரல் உடைந்துகொண்டிருந்தது. சுருதியைக் குறைக்கலாமே என்று கேட்க வாய் வரவில்லை. வறட்டு கௌரவம்.

கீபோர்டு வாசிப்பது என் கூடப்பிறந்த அக்கா. பாட்டுக்குப் புதுச் சத்தம் வேண்டுமென்று, பியானோவுக்கும் முந்தின காலத்து ஹார்ப்சிகார்டு ஒன்றை ஒத்திகை அறையில் கொண்டுவந்து இறக்கினாள். வாசித்தால் கிட்டாரைவிட அரைக் கட்டை கீழே ஒலித்தது.

"அந்தக் காலத்து சுருதி. ஏத்தினா தந்தி அறுந்துடும். நீங்கதான் இறங்கி வரணும்."

கிட்டார்காரன் முணுமுணுத்தபடி தந்திகளைத் தளர்த்தினான். நான்தான் அதிகமாகக் குதித்தேன். "ஒரு பெட்டிக்காகப் பாட்டையே இறக்கணுமா?" உள்ளுக்குள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாடினேன், உச்சி சுரம் அலுங்காமல் வந்து உட்கார்ந்தது.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும், அக்கா விசைப்பலகையை மொத்தமாக ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி வாசித்துக் காட்டினாள். அச்சு அசல் கிட்டாரின் பழைய சுருதி.

"அடிப்பாவி, இது நகருமா?"

"இது நகரும். நீதான் நகர மாட்டே," என்றபடி அதைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.