வெறிக்குட்டி வேஷம்

சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு மதுச்சாலை. காலையில் ஆள் வருமுன் தரை துடைக்க வேண்டிய வரதராஜன், மொப் தடியைக் கட்டிப்பிடித்தபடி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தார். பைத்தியம் ஒன்றுமில்லை, ஒத்திகைதான். சுவரில் விக்டோரியா மகாராணி காலத்துக் கேலிப்படங்கள் தொங்கின. ஒன்றில், உயரத் தொப்பிக் கனவான் ஒருவர் விளக்குக் கம்பத்தை மனைவியென்று நினைத்துக் கொஞ்சுகிறார். இன்னொன்றில், பொலிஸ்காரனின் தோளில் சாய்ந்து தாலாட்டுக் கேட்கிறார்.

வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாத வரதராஜன் அந்தப் படங்களைப் பார்த்தே தள்ளாடப் பழகினார். சிட்னித் தமிழர் கலைவிழாவில் வெறிக்குட்டி வேஷமென்றால், அதாவது குடிகாரன் வேஷமென்றால், அவர்தான். வசனம் எழுதுவது அவருடைய நண்பர் இந்திரகுமார். இந்திரகுமார் கொஞ்சம் 'போடுவார்' என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பகிடியாகச் சொல்லிச் சிரிப்பார்களே தவிர, ஒருவரும் பெரிதாக எடுத்ததில்லை.

அந்த வருடக் கலைவிழாவில் மண்டபம் நிறைந்து வழிந்தது. கையில் போத்தலோடு வரதராஜன் ஆளில்லாத கதிரையைப் பார்த்து "வணக்கம் மாமி" என்றதும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மனைவியாக நடித்த கிரிஜா வீடு கூட்டும் தும்புத்தடியை ஓங்க, அவர் தொப்பென்று மல்லாந்து விழுந்தார்.

அப்போது சலங்கைச் சத்தம் கேட்டது. சற்று முன் நடனமாடிய இந்திரகுமாரின் ஏழு வயது மகள் யோகா, மேடையின் ஓரத்திலிருந்து ஓடி வந்தாள். வரதராஜனின் காலிலிருந்து சப்பாத்துகளைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். சின்னக் கைகளால் அவர் தோளைத் தள்ளிச் சரித்தாள். நாடகத்துக்கு வைத்திருந்த வாளியை இழுத்து வந்து முகத்தருகே வைத்தாள்.

நாடகம்தான் என்று எண்ணிச் சனம் இன்னும் உரக்கச் சிரித்தது.

"சரிஞ்சு படுங்கோ அங்கிள். நிமிர்ந்து படுத்தா மூச்சடைக்கும்" என்று அவள் காதுக்குள் சொன்னாள். "அம்மா நைட் ஷிஃப்ட் போனா நான்தான் அப்பாவைப் பாக்கிறனான். டோன்ட் வொரி."

வரதராஜன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அடுத்த வசனத்தைச் சொன்னால் கூரை பறக்கும், கைதட்டலும் அவருக்குத்தான். ஆனால் அந்தச் சிரிப்பு இந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அங்கிள் குடிக்கேல்லையம்மா. இது வெறும் தேத்தண்ணி. மணந்து பார்."

யோகா போத்தலை மணந்து பார்த்தாள். மறுபடியும் மணந்தாள். பிறகு விம்மி விம்மி அழத் தொடங்கினாள். அவர் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு, திரையை மூடச் சொல்லிக் கைகாட்டினார்.

மகள் மேடையில் செய்ததையெல்லாம் பார்த்திருந்த இந்திரகுமார் திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இவள் நித்திரையெண்டெல்லோ மச்சான் நான் ஒவ்வொரு நாளும் நினைச்சனான்."

வரதராஜனுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"பிழை உன்னில மட்டும் இல்லையடா. சிரிக்க வைச்ச என்னிலயும் இருக்கு, சிரிச்ச ஆக்களிலயும் இருக்கு. வெறியில விழுறவனைப் பாத்து ஊர் சிரிக்கும். ஆனா ஒரு வீட்டுக்குள்ள குடி வந்தா, முதல்ல வயசு ஏறிப்போறது அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான்."

இந்திரகுமார் தரையில் உட்கார்ந்து, மகளின் கால்களை மடியில் வைத்துச் சலங்கையை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு லேசில் அவிழவில்லை. "நான் அவிழ்க்கட்டே அப்பா?" என்று யோகா குனிந்தாள்.

"வேண்டாமம்மா. இனி அப்பா செய்யிறன்" என்றவர், நண்பரை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு டொக்டரிட்டப் போகோணும் மச்சான். நீயும் வா. தனியப் போனா நான் வழியில திரும்பிடுவன்."