யோசெப்பின் ஊதாத குழல்

யோசெப்பின் தன் வாழ்நாளில் ஒரு குழலைக்கூட ஊதியதில்லை. ஆனாலும் மொன்றியலில் லோ விசில் வாசிப்பவர்களில் ஆகத் திறமானவர் யார் என்று விசாரித்தால், கேட்டவருக்குக் கிடைப்பது அவள் பெயர்தான். லோ விசில் என்பது ஐரிஷ்காரர் தங்கள் நாட்டுப்புற இசையில் வாசிக்கிற நீண்ட அலுமினியக் குழல். விரல்களை அகட்டி வைத்தால்தான் ஆறு துளையும் எட்டும். ஊதுகிறவரின் மூச்சைக் குடம் குடமாகக் குடிக்கும். மூடுபனிக்குள் நிற்கிற கப்பல் தன்பாட்டில் பாடுவதுபோல அடித்தொண்டையில் ஒலிக்கும். இதெல்லாம் யோசெப்பினுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளிடம் முதலில் வந்தது ஓசை. குழல் பின்னால்தான் வந்தது.

மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கிற லொங்குய்யில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். புருஷன் மொன்றியல் குளிரையும் பிரெஞ்சையும் சேர்த்துப் பழிசொல்லிவிட்டு ரொறன்ரோவுக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். ஒரு கார்த்திகை மாதப் பின்னேரம் அவள் குசினியில் கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தபோது, மோவாய்க்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றிலிருந்து, மாடு கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. ஹீட்டர் என்று நினைத்து ஹீட்டரை நிறுத்தினாள். பிரிட்ஜ் என்று நினைத்து அதன் வயரைக் கழற்றினாள். குளியலறைக்குள் போனாள், சத்தமும் கூடவே வந்து, அங்கே எதிரொலியோடு இன்னும் மோசமாக இருந்தது. அன்று தொடங்கி, பெரும்பாலும் அவளுக்கு வேலை முடிகிற நேரமாகப் பார்த்து அது வரத் தொடங்கியது. ஏறும், இறங்கும், வழுக்கும், நடுவில் இருமும். அந்த முதல் வருஷத்தில் அதைச் சங்கீதம் என்று சொல்ல எவருக்கும் மனம் வந்திராது. மேல்வீட்டுக்காரி தரையில் காலால் இடித்தாள். காலால் தாளம் தட்டிப் பாடுகிற கியூபெக் நாட்டுப்புறத்தில் பிறந்தவள் ஆனபடியால், சில மாதத்தில் அந்த இடி தானாகவே தாளத்துக்கு வந்துவிட்டது.

மெத்ரோ என்கிற சுரங்க ரயிலில்தான் வில்லங்கம். மஞ்சள் பாதை ரயில் ஆற்றுக்கு அடியால் போகிற நேரம் பார்த்துக் குழலோசை கிளம்பும். பெட்டியில் இருந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிற அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனாள். குழல் இல்லாமல் குழலோசை வருகிற பெண்ணைவிட, குழலோடு நிற்கிற பெண்ணுக்கு ஊரில் மரியாதை அதிகம் என்று யோசெப்பின் கண்டுகொண்டாள். அடுத்த சனிக்கிழமை ஒரு வாத்தியக் கடைக்குப் போய், அந்தச் சத்தத்தை வாயால் உறுமிக் காட்டி, அதற்குரிய குழலைக் கேட்டு வாங்கினாள். திங்கட்கிழமை ரயிலில் ஓசை தொடங்கியதும் பையிலிருந்து குழலை எடுத்து உதட்டில் வைத்து, விரல்களை மனம்போன போக்கில் ஆட்டினாள். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. யாரையும் ஏமாற்றவேண்டும் என்று அவள் தொடங்கவில்லை. விசரி என்ற பேர் எடுக்காமல் வீட்டுக்குப் போய்ச் சேரத்தான் பார்த்தாள்.

பிறகு ஓசை நல்லதாகிவிட்டது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. எங்கேயோ இருந்து ஊதுகிற அந்த மனிதப்பிறவி விடாப்பிடிக்காரராக இருக்கவேண்டும். மூன்றாவது மாரிக் குளிரில் வழுக்கல் நின்றது, நாலாவது மாரியில் ஆற அமர வாசிக்கிற ஒரு சோகப் பாட்டு வந்தது. அதைக் கேட்டு ஒரு பயணி தான் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டான். கிளோட் என்கிற தாடிக்காரன். பிடில் வாசிப்பவன். புவான்-சென்-ஷார்லில் உள்ள ஒரு மதுக்கடையில் ஐரிஷ்காரரும் கியூபெக்காரரும் வட்டமாக இருந்து வாசிப்பார்கள், நீயும் வா என்று கெஞ்சிக் கூட்டிப்போனான். அங்கே அவள் மற்றவர்களுடைய பாட்டைப் பின்தொடர மாட்டாள், ஏனென்றால் முடியாது. தனக்கு வந்ததை வாசிப்பாள், மற்றவர்கள் பின்னால் ஓடிவருவார்கள். இதனால் மகா கர்வி என்று பெயர் எடுத்தாள். பாட்டின் நடுவில் ஓசை திடீரென்று நின்றுவிடும் (ஊதுகிறவருக்குத் தொலைபேசி வந்திருக்கும்). அவளும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். அந்த மௌனத்தின் ஆழத்தைப் பற்றி இசை அறிந்தவர்கள் கதைத்தார்கள். சில இளம் பிள்ளைகள் நடுப்பாட்டில் நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினார்கள். ஒருமுறை அந்த ஆள் குழலுக்குள்ளேயே தும்மினார். அது ஒரு புது அலங்காரமாகி, ‘லா யோசெப்பின்’ என்ற பெயரோடு ஒட்டாவா வரை பரவியது.

பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்ய வந்திருந்த சென்னைப் பெண் பார்கவிக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

“ஆன்ட்டி, நான் பாத்துட்டே இருந்தேன், நீங்க மூச்சே இழுக்கல. விரலும் ஸ்வரமும் ஒத்துப் போகவே இல்லையே. இது என்ன பாணி?”

“அது எங்கடை பக்கத்துப் பழக்கம், பிள்ளை,” என்றாள் யோசெப்பின். பார்கவி அதையே தன் ஆய்வில் ஓர் அத்தியாயமாக்கிப் பட்டமும் வாங்கினாள்.

புகழ் யோசெப்பினுக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கழுத்துக்குச் சால்வை வாங்கினாள், ‘நான் வாசிக்கிறபோது’ என்று வாய் கூசாமல் சொல்லவும் பழகினாள். ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அவளுக்குத் தெரியாமலே நடந்திருந்தது. முகத்துக்கு முன்னால் வருஷக் கணக்காக ஒரு மூச்சு வந்துபோனால், அது யாருடையது என்று தெரியாவிட்டாலும் அதன் குணம் தெரிந்துவிடும். அந்த ஆளுக்குத் தடிமன் வந்து மூக்கடைக்கிற மாதம், களைத்துப்போன வெள்ளிக்கிழமை, எதையோ நினைத்துக்கொண்டு ஊதுகிற மழைநாள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓசை வராத நாளில் சோறு தொண்டையால் இறங்காது. செத்துக்கித்துப் போய்விட்டாரோ என்று மெழுகுதிரி கொளுத்தியும் இருக்கிறாள்.

பங்குனி மாதத்தில் ஐரிஷ் ஊர்வலம் நடந்த ஞாயிறு, ஒரு தேவாலய மண்டபத்தில் அவளுக்கென்றே ஒரு கச்சேரி ஒழுங்கானது. சுவரொட்டி தமிழ்க் கடைகளிலும் ஒட்டப்பட்டது. ஓசை வழக்கமாக வருகிற பின்னேர நேரத்தைத்தான் அவள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருந்தாள். மண்டபம் நிரம்பி, பின்சுவரோடும் ஆட்கள் நின்றார்கள். யோசெப்பின் நடு மேடைக்கு வந்து, குழலை உதட்டில் வைத்து, கண்ணை மூடினாள்.

ஒன்றும் வரவில்லை.

முதலில் சனம் அந்த மௌனத்தைப் பயபக்தியோடு ரசித்தது. கொஞ்ச நேரம் போக ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் வராததால் கதிரைகள் கிறீச்சிடத் தொடங்கின. யோசெப்பினின் முதுகால் வேர்வை இறங்கியது. இந்தச் சனத்துக்கு முன்னால் வெறும் பைப்போடு நிற்கிறோமே என்பது ஒரு பயம். இத்தனை வருஷமாக லேசில் நாள் தவறாதவர் இன்றைக்கு ஏன் ஊதவில்லை, அவருக்கு என்ன நடந்ததோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். பெயர் வலன்ரைன்; பியர்பொன்ட்ஸில் கார் ஓட்டப் பழக்குகிற மாஸ்டர்; தனிக்கட்டை. வருஷக் கணக்காகக் குழல் ஊதியும் ஒரு நாளும் சத்தம் வராத மனிதர். கடைக்காரன் ஊதினால் அதே குழல் நன்றாகவே ஒலித்தது. ‘பிழை உங்கள் மூச்சில்தான் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பினான். பழகப் பழக வரும் என்று அவர் விடாமல் ஊதினார். தெருவில் அவரைப்போல அமைதியான அயலவர் இல்லை என்று எல்லாரும் மெச்சினார்கள். யோசெப்பினின் வீடியோக்களை இன்டர்நெட்டில் கண்ட நாளிலிருந்து அவர் அவளுடைய பரம ரசிகர். அவளைப் போலவே வாசிக்கவேண்டும் என்று பின்னேரம் முழுக்கப் பழகியதால்தான் அவள் வாசிப்பு மேலும் மெருகேறியது. ‘லா யோசெப்பின்’ அலங்காரத்தைப் பிடிக்க, தன்னுடைய தும்மலையே ஒரு கோடை முழுக்கப் பயிற்சி செய்தார். கச்சேரி முடியக் குழலைக் காட்டி ஆலோசனை கேட்கலாம் என்று அதையும் கொண்டுவந்திருந்தார்.

மேடையில் அந்தப் பெண் படுகிற பாட்டை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளை தேவாரம் மறந்து நிற்கும்போது தாய்க்கு உதடு அசைவதுபோல, தன்னை அறியாமல் குழலை எடுத்து, அவளுடைய சோகப் பாட்டின் முதல் அடியை ஊதினார். மேடையில் ஓசை வந்தது. சனம் பெருமூச்சு விட்டது. அவர் திடுக்கிட்டு நிறுத்தினார்; மேடையில் நின்றது. திரும்ப ஊதினார், திரும்ப வந்தது. யோசெப்பின் கண்ணைத் திறந்தாள். வலன்ரைன் குழலை வாயிலிருந்து எடுத்து, அவளை ஏற இறங்கப் பார்த்து, மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவள் ஓரடி பின்னுக்கு வைத்தாள். அது நியாயமான பின்வாங்கல்தான், ஏனென்றால் அடுத்ததாக அவர் ஒரு பைலாவைத் தொடங்கினார். கலியாண வீட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற ரகம். மேடையில் நின்ற யோசெப்பினுக்கு அதற்கு ஏற்றபடி இடுப்பை ஆட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஐரிஷ்காரர் கதிரைகளைத் தள்ளிவிட்டு எழும்பி ஆடினார்கள். கிளோட்டின் பிடிலில் ஒரு தந்தி அறுந்தது.

கச்சேரி முடிந்து, கார் நிறுத்துகிற இடத்தில் உருகிய பனிச்சேற்றுக்குள் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

“எத்தினை வருஷமா என்ரை காத்திலை பேர் வாங்கினனீர்?” என்றார் வலன்ரைன்.

“உங்கடை காத்தெண்டு அதிலை பேர் எழுதியே கிடந்தது? என்ரை குசினிக்குள்ளை அல்லோ வந்தது. நீங்கள் பிழை பிழையா ஊதினதெல்லாத்தையும் ஆர் கேட்டது? பூசையிலை வந்தது. மெத்ரோவிலை வந்தது. பல்லுப் பிடுங்க வந்த மனுசன் பயந்து எழும்பி ஓடினவன். உங்களை ஒருதரும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே? எல்லாம் எனக்கல்லோ சொன்னவை!”

வலன்ரைன் இதை யோசித்திருக்கவில்லை. கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் குழலைத் துடைத்தார்.

“நாளைக்கு நான் ஊதாமல் விட்டால்?”

“விடுங்கோ. நான் பேசாமல் சால்வையைப் போட்டுக்கொண்டு வீட்டை இருக்கிறன்.” சொல்லி முடிக்குமுன் அவள் குரல் உடைந்தது. “போன மாரியிலை ரெண்டு கிழமை ஊதேல்லை. ஏன்?”

“ஹேர்ணியா ஒப்பரேசன்.”

“நான் மெழுகுதிரி கொளுத்தினனான்,” என்றாள் யோசெப்பின்.

பிறகு அந்த மனிதர், எதிரே காரை நிறுத்தத் தெரியாமல் தவிக்கிற ஒருவனைப் பார்த்தபடி, மிகவும் கூச்சத்தோடு கேட்டார்: “ஒருக்கா கிட்ட நில்லும். மேடையிலை வந்ததைப் பதட்டத்திலை சரியாக் கேக்கேல்லை. என்ரை ஊதலெண்டு தெரிஞ்சு நான் ஒருநாளும் கேட்டதில்லை.”

அவள் கிட்டப்போய் நின்றாள். அவர் ஊதினார். சோகப் பாட்டு அவள் மோவாய்க்கு முன்னாலிருந்து எழும்பி, கார்களுக்கு மேலால், உருகுகிற பனிக்கு மேலால் போனது. நடுவிலேயே அவர் நிறுத்திவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“இது நானே?”

“ஓம். நீங்கள்தான்.”

“மேல் சுருதி கொஞ்சம் இறங்குது.”

“முதல் நாளிலை இருந்து இறங்குது,” என்றாள் யோசெப்பின். “இதைச் சொல்ல ஆளைத் தேடித்தான் திரிஞ்சனான்.”

மேல் சுருதி ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு புவான்-சென்-ஷார்ல் மதுக்கடையில் இரண்டு கதிரைகள் போட்டார்கள். வலன்ரைன் ஊதுவார், யோசெப்பினிடமிருந்து வரும். அவள் குழலை மடியில் வைத்துவிட்டு, இந்த இடத்தில் இழுங்கோ, இங்கே விடுங்கோ என்று கையால் காட்டுவாள். கோபம் வந்தால் அவள் எழும்பிப் போய்க் கழிவறைக்குள் நிற்பாள், பாட்டு அங்கேயிருந்து கேட்கும். அவருக்குக் கோபம் வந்தால் அவள் பல் வைத்தியரிடம் வேலையில் இருக்கிற நேரம் பார்த்து ஒரு பைலா வரும். சுவரொட்டிகளில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகிறது. பார்கவி தன் ஆய்வுக்கு ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தாள். இரண்டு பேரும் கலியாணம் கட்டினால் என்ன என்று தமிழ்ச்சனம் கேட்காமல் விடவில்லை. “அந்தாளின்ரை மூச்சு பின்னேரம் முழுக்க என்ரை முகத்துக்கு முன்னாலை நிக்குது, அது காணும்,” என்று யோசெப்பின் சொல்வாள். சொல்லிவிட்டு, அவருடைய காரில்தான் ஏறி வீட்டுக்குப் போவாள்.

மதுக்கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் சிலர் வாசலிலேயே திகைத்து நிற்பதுண்டு. ஊதுகிறவர் அந்த மூலையில் இருக்க ஓசை இந்த மூலையிலிருந்து அல்லவா வருகிறது என்று கிளோட்டிடம் கேட்பார்கள். அவன் பிடிலைத் தோளில் இருந்து எடுக்காமலே, “ஓம், அப்படித்தான் வரும், உள்ளே வாறதென்றால் வா, கதவைச் சாத்து, குளிர் வருகிறது,” என்பான்.