மருந்தடித்த மாந்தோப்பு

பூச்சி பிடிக்க ஒருத்தி பஸ் ஏறிப் போகிறாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். குளிர்நாட்டு மரங்களில் வாழும் பூச்சிகளையும் சிலந்திகளையும் நம் மரங்களில் இருப்பவற்றோடு ஒப்பிடுவதுதான் என் ஆராய்ச்சி. இங்கிலாந்து ஓக் மரங்களின் கணக்கு முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. அங்கே ஒரு கிளையைத் தட்டினால் ஒரே இனம் கூட்டங்கூட்டமாக விழும். இங்கே கூமாப்பட்டி மாந்தோப்பில், கோடையில் ஒரு கிளையைத் தட்டியபோது கீழே விரித்த வெள்ளைத் துணியில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம். சிலந்திகளுக்குப் பெயர் தேடியே கண் பூத்துப்போனது.

அதே மரங்களை மழை விழுந்த பிறகு இன்னொரு முறை தட்டினால்தான் ஒப்பீடு நிற்கும். அது 1987; உதவித்தொகை அந்த வருஷத்தோடு சரி. வாப்பாவும் அதுவரைதான் பொறுப்பேன், பிறகு கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

கோடையில் தோப்பில் காவல்காரர் மட்டும் இருந்தார். ஐப்பசியில் போனபோது தோப்புக்காரர் சுந்தரபாண்டியனே வாசலில் நின்றார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

"வாங்க டீச்சரம்மா. வெள்ளைக்காரன் தேசத்து மரத்தோட நம்ம தோப்பையும் வச்சுப் பாக்கப் போறியளாமே, காவக்காரன் சொன்னான். இன்ஸ்பெக்‌ஷன்னா எனக்குத் தெரியாதா? நேத்தே ஆளு வச்சுத் தோப்பு முச்சூடும் மருந்தடிச்சாச்சு."

"எல்லா மரத்துக்குமா அண்ணாச்சி?"

"ஒண்ணு விடல. நீங்க பெயின்ட்ல வட்டம் போட்ட மரத்துக்கு மட்டும் ரெண்டு தரம்."

உள்ளே மருந்து நெடி மூக்கை அறுத்தது. தரையெங்கும் செத்த பூச்சிகள். இரவு பெய்த மழை அவற்றை அடித்து ஓரமாக ஒதுக்கியிருந்தது. எது எந்த மரத்துடையது என்று இனி யார் சொல்வது? கத்த வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. யாரிடம் கத்துவது? மனிதர் எனக்காக டீயும் வடையும் வேறு வரவழைத்து வைத்திருந்தார்.

அவர் காத்துக்கொண்டு நின்றதால் துணியை விரித்துக் கிளையைத் தட்டினேன். நாலைந்து இலைகள் விழுந்தன. சுந்தரபாண்டியன் குனிந்து மூலைக்கு மூலை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு பூச்சி இருக்கா, பாத்தியளா? நம்ம தோப்பு எம்புட்டுச் சுத்தம்னு அவனுகளுக்கு எழுதுங்க, தாயி."

"எழுதுறேன் அண்ணாச்சி" என்றேன்.