ஏழாவது சுவர்

பொகோட்டாவில் ஒருவன் யார் என்று தெரிந்துகொள்ள அவன் அப்பன் பெயரைக் கேட்க வேண்டாம், சம்பளத்தைக் கேட்க வேண்டாம். அவன் வீட்டுத் தண்ணீர் பில்லை வாங்கிப் பார்த்தால் போதும். அதன் மூலையில் ஒன்றிலிருந்து ஆறு வரை ஏதாவது ஒரு எண் இருக்கும். நான் பகலெல்லாம் வாசல் காவல் பார்க்கும் வடக்குப் பக்கத்து அடுக்குமாடி, ஆறு. சாயங்காலம் நான் திரும்பி வரும் தெற்கு மலை, ஒன்று. ஆறுக்காரர்கள் கூடக் கட்டுவார்கள், ஒன்றுக்காரர்கள் குறைத்துக் கட்டுவார்கள். அந்த மட்டில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அது பில்லோடு நிற்குமா? நாலாம் எண் வீட்டுப் பெண் இரண்டாம் எண் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டால், செத்த வீட்டில் துக்கம் கேட்பதுபோல அவள் அம்மாவிடம் வந்து கேட்கிறார்கள்.

இந்த எண்ணைப் போட நகராட்சி யாருடைய சட்டைப்பையையும் பார்ப்பதில்லை. வீட்டின் முகத்தைப் பார்க்கிறது. ஆள் வந்து தெருவில் நின்று சுவரைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார். தெருவின் ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே எண். அதனால் எங்கள் மலையில் அழகெல்லாம் வீட்டுக்கு உள்ளே. வெளியே பூசாத செங்கல்லாக இருக்கும். கதவைத் திறந்தால் பளபளவென்று தரை, கண்ணாடி அலமாரி, பூப்போட்ட திரை.

என் மனைவி நூபியா அப்படித்தான் வைத்திருக்கிறாள். பொயாக்கா மலைக்காரி. சண்டை போட்டாலும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள், அதனால் அவள் சண்டையில் சூடு இரண்டு மடங்கு. நான் தொலீமாவில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவன். தனக்குச் சொந்தமில்லாத மலையைச் சுண்ணாம்புக் கோடு போட்டு விற்றுக்கொண்டிருந்த ஒருவனிடம் இந்த மனையை வாங்கினேன். முதலில் தார்த்தாள் குடிசை. அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் செங்கல். அடிவாரத்திலிருந்து தண்ணீர் டின்னை நூபியாதான் தூக்கி வருவாள், வயிற்றில் பிள்ளை இருந்தபோதும். மேல்தளம் போட்ட அன்று, முன்சுவரைப் பூசி அவள் கேட்ட மஞ்சள் அடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அது இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். ஒரு வருஷம் மகளின் பள்ளிக்கூடம், ஒரு வருஷம் என் முழங்கால் ஆபரேஷன், ஒரு வருஷம் ஒன்றும் இல்லை, வெறும் சோம்பல். அவள் நச்சரித்திருந்தால் செய்திருப்பேன். அவள் நச்சரிக்கவில்லை. போன கிறிஸ்துமஸில் மட்டும் இரண்டு பெரிய வாளி மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே வைத்தாள். நான் படியேறும்போதெல்லாம் அவை என்னைப் பார்த்தன.

சரி, இந்த ஈஸ்டர் முடிந்ததும் பூசிவிடுவோம் என்று நான் மணல் இறக்கிய வாரத்தில்தான் தோன் பார்மேனியோ தெருச் சங்கத்தைத் தெருவிலேயே கூட்டினார். அவர்தான் தலைவர், 'தோன்' என்பது மரியாதைக்கு. எங்களுக்குப் பக்கத்து வீடு, மூன்று மாடி, முகப்பு முழுக்க நீல டைல்ஸ், வாசலில் இரண்டு சிங்கம். வசதியுள்ளவர் என்றால் அடித்துச் சத்தியம் செய்து மறுப்பார். நகராட்சியில் இருந்து அடுத்த மாதம் கணக்கெடுக்க வருகிறார்கள், அவருடைய மைத்துனிக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா விதியைச் சொல்லிவிட்டான் என்றார். ஒரு பக்கத்தில் எந்த மாதிரி வீடு அதிகமோ அதுவே அந்தப் பக்கத்தின் எண். எங்கள் பக்கத்தில் பதின்மூன்று வீடு. ஆறு வீடு ஏற்கெனவே பூசி வண்ணம் அடித்தது. ஏழு வீடு செங்கல். இன்னும் ஒரே ஒரு வீடு பூசினால் மொத்தப் பக்கமும் இரண்டுக்குப் போய்விடும், எல்லார் பில்லும் ஏறும்.

சொல்லிவிட்டு அவர் மணலைப் பார்த்தார். மணல் எங்கள் வாசலில் குவிந்து கிடந்தது. தெருவே மணலைப் பார்த்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு பேரும் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஏழாவதாக வந்தவள் மட்டும் அழுக்கோடு நிற்க வேண்டுமாம். பந்திக்கு முந்தியவர்கள் எழுந்து நின்று பிந்தியவளுக்குப் பசி கூடாது என்று சட்டம் போட்ட கதை.

“தோன் பார்மேனியோ, நீங்க உங்க டைல்ஸ உரிச்சுப் போடுங்க. அப்ப கணக்கு அப்படியே இருக்கும், நாங்க பூசிக்கிறோம்” என்றேன்.

“இருபத்தாறு வருஷமா தூங்கிட்டு, இப்ப முழிச்சு என் டைல்ஸ உரிக்கச் சொல்றியே எவெலியோ. நல்லா இருக்குப்பா” என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்படிதான் இருந்தது, அதுதான் எனக்கு வலி. அந்தக் கூட்டத்தில் அரேப்பா என்ற சோள ரொட்டி சுட்டு விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் கிளெமென்சியாவும் இருந்தாள். அவள் கெஞ்சவில்லை, சிரிக்கவும் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். பார்மேனியோவின் பில் எவ்வளவு ஏறினாலும் எனக்குக் கவலையில்லை. அவள் பில்?

நூபியா எழுந்தாள். “நாங்க பூசல” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டில் இடி விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் வெல்லத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கோப்பையில் ஊற்றி என் முன்னால் வைத்தாள், பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றும் கூடவே வைத்தாள். எனக்கு அது இடியைவிடப் பயமாக இருந்தது. ஏன் அந்தச் சுவர் அவளுக்கு அவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் கேட்டேன்.

“இருபத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் இதக் கேக்குறீங்க.”

“இன்னிக்காவது கேக்குறேன்ல. சொல்லு.”

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். “கேபிள் கார்ல வரும்போது எல்லாரும் குனிஞ்சு பாத்து, அதோ நம்ம வீடு, அந்தப் பச்ச வீடு, அந்த நீல வீடுங்கறாங்க. எனக்குத் தெரியலீங்க. கீழ பாத்தா எல்லாம் ஒரே செங்கலா இருக்கு. ஒவ்வொரு தடவையும் தேடுறேன், தேடி முடிக்கறதுக்குள்ள பெட்டி தாண்டிப் போயிடுது. நான் தண்ணி தூக்கிக் கட்டின வீடு. எனக்கே அடையாளம் தெரியல.”

கேபிள் கார் வந்து ஆறு வருஷம் ஆகிறது. முன்பு பஸ்ஸில் வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் ஏறிய மலையை இப்போது பதின்மூன்று நிமிஷத்தில் ஏறுகிறோம், எங்கள் தெருவுக்கு நேர் மேலேதான் பெட்டிகள் போகின்றன. ஆறு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவள் குனிந்து பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். தலைசுற்றல் என்று நினைத்திருந்தேன். என்னைப்போல் ஒரு கட்டையைக் கட்டிக்கொண்டு அவள் எப்படிக் காலம் தள்ளினாளோ.

மறுவாரம் அவள் துயித்தாமாவில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போனாள். பத்து நாள் என்றாள். கோபித்துக்கொண்டா என்று கேட்டேன். கிழங்குக்கு என்றாள். நம்பினேன், பாதி.

மூன்றாம் நாள் துவைக்கிற தொட்டிக்குத் தண்ணீர் திறக்க மொட்டைமாடிக்குப் போனேன். தலைக்கு மேலே பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு பெட்டிக்குள்ளிருந்து யாரோ எனக்குக் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். ஆட்டிய கை அப்படியே நின்றது. நகராட்சி ஆள் தெருவில் நின்று பார்ப்பான். நூபியா மேலேயிருந்து பார்க்கிறாள். இது தெரிய ஒரு மனுஷனுக்கு இவ்வளவு நாளா?

கொடிக்கயிறுகளை அவிழ்த்தேன். தளத்தைத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த மாடிக்கென்று விட்டுவைத்த கம்பிகளுக்கு இடையில் முட்டிபோட்டு, அறுவைசிகிச்சை செய்த முழங்கால் கெட்ட வார்த்தை பேசப் பேச, அவளுடைய இரண்டு வாளியையும் அந்தத் தளத்தில் ஊற்றி உருளையால் தேய்த்தேன். பாதியில்தான் உறைத்தது, இது என் பெயிண்ட் இல்லை. சுவருக்கென்று அவள் வாங்கியது. அவளைக் கேட்கவில்லை. அவளுக்குப் பிடிக்காவிட்டால் சுவரும் போச்சு, பெயிண்டும் போச்சு. மழை வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்பதும், முடிக்காமல் ஓடிவிடலாமா என்பதும் மாறி மாறி வந்தன. நாலு நாளில் முடித்தேன். முட்டை உடைத்து ஊற்றியதுபோல் இருந்தது.

தோன் பார்மேனியோ மூன்றாம் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். தெருவுக்கே குழி தோண்டிவிட்டாய் என்று இறங்கி வந்து குதித்தார். தெருவில் நின்றால் தெரிகிறதா பாருங்கள் என்றேன். பின்னால் நடந்து நடந்து சாக்கடை வரைக்கும் போய் எட்டிப் பார்த்தார். தெரியவில்லை. ஆனாலும் கணக்கெடுக்க வரும் அன்று ஒருவரும் மேலே பார்க்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார்.

மாதம் பிறந்ததுமே வந்தது லிசெத் என்று ஒரு இளம் பெண், கையில் பலகைபோல் ஒரு கணினி. சொல்லி வைத்தபடி தெருவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஏதோ அத்தனை பேரும் காசைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம். பதின்மூன்று வாசலையும் பார்த்து எழுதினாள். எங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் நின்றாள். கிளெமென்சியா கொடுத்த சூடான அரேப்பாவை ஊதிக்கொண்டே என்னிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா, நான் கேபிள் கார்லதான் ஏறி வந்தேன்.”

பக்கத்தில் நின்ற பார்மேனியோ தன் வாசல் சிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஆனா என் படிவத்துல கூரைக்கு இடமே இல்ல” என்றாள் அவள். “எங்க அம்மா வீடும் இதே மாதிரி மலைலதான். அவங்களுக்கு இது தோணல.”

எண் ஒன்றாகவே நின்றது.

சனிக்கிழமை மதியம் கீழ் நிலையத்துக்குப் போய் நூபியாவை அழைத்து வந்தேன். ஒரு மூட்டை கிழங்கு, அக்காள் கொடுத்த கம்பளிப் போர்வை, முகத்தில் வெயில். பெட்டியில் எங்களுக்கு எதிரே வாழைக்காய்ச் சீப்போடு ஒரு பருத்த அம்மாவும் அவள் கணவனும். நூபியா அக்காள் வீட்டுப் பசுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நிலையம் தாண்டியது. எனக்குக் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் குனியவும் இல்லை. தேடுவதை விட்டுவிட்டாள் என்று அப்போது புரிந்தது. பாரேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

எதிரே இருந்த அம்மாதான் கணவனை இடித்தாள். “அங்க பாருங்க, எந்தப் பைத்தியக்காரனோ வீட்டு மேல மஞ்சள ஊத்தி வெச்சிருக்கான்.”

நூபியா திரும்பிப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். பசுவின் கதை பாதியில் நின்றது. துவைக்கிற தொட்டியை அவள் கண்டுபிடித்திருப்பாள், கம்பிகளை, பக்கத்து மாடியில் எப்போதும் குரைக்கும் பார்மேனியோவின் நாயை. பெட்டி அந்த மஞ்சளுக்கு நேர் மேலே மெதுவாகப் போனது. அவள் கை வந்து என் கையைப் பிடித்து, நகத்துக்குள் இருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தது.

“பைத்தியக்காரன்தாம்மா” என்றாள் எதிரே இருந்தவளிடம். “என் வீட்டுக்காரரு. அது என் வீடு.”

அந்த அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு வாழைக்காயைப் பிய்த்துக் கொடுத்தாள். நூபியா வாங்கிக்கொண்டாள். கழுத்தைத் திருப்பி, பெட்டி அடுத்த நிலையத்துக்குள் நுழையும் வரைக்கும் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று தோள் சொன்னது. எனக்கும் வந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றை இத்தனை வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தேனே என்று வந்தது.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“தொட்டிக்குப் பின்னால ரெண்டு இடம் விட்டுப்போச்சு. பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடிக்குப் போனோம். வாளியின் அடியில் ஒட்டியிருந்தது அதற்குச் சரியாக இருந்தது. அவள் பூச, நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து மூன்றாம் மாடியிலிருந்து தோன் பார்மேனியோ எட்டிப் பார்த்து, ஒரு தளத்துக்கு எத்தனை வாளி பிடிக்கும் என்று கேட்டார்.