நடுப்புள்ளி

"குட்டிச் செடியைக்கூட விடலையே, பாவிங்க!"

ஹாலிஸ் ஊன்றுகோல் நுனியால் ஒரு குழியைத் தொட்டுக் காட்டினார். கோரின் குனிந்து பார்த்தாள். மலைச்சரிவின் நிழலில், உயர்ந்த பாப்லர் மரங்களுக்கு அடியில், மண் பன்றி கிளறியது போலக் கிடந்தது. நல்ல விலை போகும் மருந்துக் கிழங்கான ஜின்செங்கின் தண்டுகள் முறிந்து வாடியிருந்தன. சிவப்புப் பழங்கள் பூட்ஸ் காலில் மிதிபட்டு நசுங்கியிருந்தன.

அந்தப் பழங்களைப் பார்த்துத்தான் ஹாலிஸ் அதிகம் நொந்துபோனார். கிழங்கைத் தோண்டுகிறவன், மறுபடி முளைக்கட்டும் என்று பழத்தை அதே குழியில் புதைத்துவிட்டுத்தான் நகருவான். கென்டக்கி மலைகளில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவன்கூட அதைச் செய்வான். இங்கே அதுவும் நடக்கவில்லை.

சுரங்க வேலையை விட்டபிறகு ஹாலிஸ் தன் காட்டில் தன் கையால் விதைத்த செடிகள் இவை. கிழங்கு முற்றப் பத்து வருஷம் ஆகும். இந்த இலையுதிர் காலத்தில்தான் முதல் தோண்டல் என்று வைத்திருந்தார். இத்தனை வருஷமும் அவர் இந்த இடத்துக்கு ஒரே வழியில் இரண்டு தடவை வந்ததில்லை. தடம் விழுந்துவிடும் என்று பயம்.

"யாரா இருக்கும் மாமா?" என்று கேட்டாள் கோரின். ஹாலிஸும் அவள் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். சிறு வயதிலிருந்தே மாமாதான்.

"யாரா இருக்கும்? என் மச்சான்தான். இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்துட்டேன்ல, அப்பப்போ வந்து ஒரு பார்வை பாருடான்னு அவனுக்கு இடத்தைக் காட்டினேன். நல்லாத்தான் பார்த்திருக்கான்!"

"லானி அண்ணனா?"

"அவனைத் தவிர வேற யாருக்கும் தெரியாதும்மா. செடி சர்வேக்கு நீ வந்தே, உன்கிட்ட சொன்னேன். நீ சர்க்கார் மனுஷி, இடத்தை வெளிய விடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தே. மிச்சம் யாரு? போன ஞாயித்துக்கிழமை சர்ச் விருந்துல எல்லார் முன்னாலயும் நல்லாக் கேட்டுட்டேன். தட்டை வெச்சுட்டு எழுந்து போயிட்டான். என் பொண்டாட்டி நெட்ரா என்கூடப் பேசறதில்ல. தம்பின்னா அவளுக்கு உசிரு. ஆனா ஊர்ப் பேச்சுக்குக் கூசிப்போய் அவன் போனையும் எடுக்கறதில்ல."

"சில பேரை நம்பவே கூடாது மாமா," என்றாள் கோரின், ஆறுதலாக.

ஜிபிஎஸ் கருவியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு குழி ஓரத்திலும் நின்று இடத்தைப் பதிவு செய்துகொண்டாள். புகார் அறிக்கைக்கு வேண்டும்.

மாவட்டம் போன்ற அந்தக் கவுண்டியின் வனவள அலுவலகத்தில் வரைபடங்கள் எல்லாம் கோரின் பொறுப்பு. எந்த ஓடையில் மீன் இருக்கிறது, எந்தச் சரிவில் மண் சரியும், எங்கே அரிய செடிகள் வளர்கின்றன, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்கடுக்காக ஏற்றி வைத்திருந்தாள். மரம் வெட்டுகிற கம்பெனிக்காரனும் ரோடு போடுகிறவனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் காட்டில் கைவைக்க வேண்டும். அரிய செடிகள் இருக்கும் இடங்களின் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்க்க இணையத்தில் விட்டதே அவள் யோசனைதான். மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபோர்ட்டில் அதை மேடையேறி விளக்கியபோது கைதட்டல் நிற்க நேரமானது.

மத்தியானம் அலுவலகம் திரும்பியதும் குழிகளின் பதிவைத் திரையில் இறக்கினாள். அந்தப் பொதுப் படம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பச்சைப் பின்னணியில் பெரிய பெரிய ஆரஞ்சு வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு மைல் அகலம். உள்ளே எங்கோ ஜின்செங் இருக்கிறது, எங்கே என்று தெரியாது. நிலத்துக்காரர்களுக்கு அவள் கொடுத்த வாக்கு அது.

ஹாலிஸின் குழிகள் சிறிய கறுப்புப் புள்ளிகளாக வந்து விழுந்தன. அவர் காட்டைச் சுற்றியிருந்த வட்டத்துக்குள், சரியாக நடுவில்.

கோரின் மௌஸை உருட்டினாள். படத்தைப் பெரிதாக்கினாள். இம்மி பிசகாமல் நடுவில்தான்.

அப்போதுதான் உறைத்தது. முதலில் ஒவ்வொரு புள்ளியையும் தாறுமாறாக ஒரு பக்கம் நகர்த்த வேண்டும். அப்புறம்தான் வட்டம் போட வேண்டும். இந்த வேலையில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஃபிராங்க்ஃபோர்ட் கூட்டத்துக்கு நேரம் நெருங்கிவிட்ட அவசரத்தில் அவள் வட்டத்தை மட்டும் போட்டுவிட்டாள். ஒளித்து வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு செடியையும் சுற்றிக் கோடு கிழித்து, 'இதோ பார்' என்று ஊருக்கே காட்டியிருந்தாள். போன் வைத்திருக்கிற எவனும் நடுவைக் கண்டுபிடித்துவிடுவான்.

காது மடல் சுட்டது. 'சில பேரை நம்பவே கூடாது மாமா.' தன் குரலே தனக்குக் கேட்டது.

மேலதிகாரி பிரூயிட் திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"படத்தை எடுத்துடு. 'பராமரிப்புப் பணி'ன்னு ஒரு வரி போடு."

"எடுத்துட்டேன் சார். ஆனா ஹாலிஸ் அவர் மச்சானைத் திருடன்னு..."

"அது அவங்க குடும்பச் சண்டை. அதுக்கும் நம்ம ஆபீஸுக்கும் என்ன? வாயைத் திறந்தே, அப்புறம் இந்தக் கவுண்டியில ஒருத்தன் நம்மளைக் காட்டுக்குள்ள விடமாட்டான். நீயும் வேலை பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது."

கோரின் தலையாட்டினாள். தலையாட்டியதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் காபி வாங்க நின்றபோது லானி உள்ளே வந்தான். நாற்பது வயது. எப்போதும் எதையாவது சொல்லிக் கடையையே சிரிக்க வைக்கிறவன். இன்று அவன் வந்ததும் பேச்சு நின்றது. மூலையில் மெது ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த ஒருவன் குரல் கொடுத்தான்.

"என்ன லானி, ஜின்செங் சூப் ஒத்துக்கிச்சா? உடம்பு தேறின மாதிரி தெரியுதே!"

"உனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெச்சிருக்கேன், வா. இருக்கிற கொஞ்சம் மூளையாவது வேலை செய்யும்," என்றான் லானி. யாரும் சிரிக்கவில்லை.

அவன் கோரின் பக்கத்தில் வந்து நின்றான். காபியில் சர்க்கரை போட்டு, கலக்கிக்கொண்டே இருந்தான்.

"எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன் அண்ணே."

"நீயாவது மூஞ்சியத் திருப்பாமப் பேசறியே. எங்க அக்காவே என் போனை எடுக்கறதில்ல. அவ வீட்டுக்காரர் என்ன சொல்லியிருக்காரோ." சிரிக்கப் பார்த்தான். "கிழங்கை நான் எடுத்திருந்தாலாவது மனசு ஆறும்மா. நான் தொடவே இல்லையே!"

சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம். கோரின் வாயைத் திறந்தாள்.

"எல்லாம் சரியாயிடும் அண்ணே," என்றாள்.

வண்டிக்கு வந்து உட்கார்ந்தாள். காபியைக் குடிக்க முடியவில்லை. கதவைத் திறந்து தரையில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஹாலிஸ் வீட்டுக்குப் போனாள். நெட்ரா சோளரொட்டியும் பீன்ஸும் காகிதத் தட்டில் வைத்து மேஜைமேல் நகர்த்திவிட்டு, புருஷன் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

கோரின் சாப்பிடவில்லை. இன்னொரு தட்டைக் கவிழ்த்து ஹாலிஸ் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதுக்கு நடு எங்க?"

"என்ன விளையாட்டு இது?"

"தொட்டுக் காட்டுங்களேன்."

அவர் விரலை வைத்தார். யோசிக்கவே இல்லை.

"திருடனும் இப்படித்தான் கண்டுபிடிச்சான். உங்க இடத்தைச் சுத்தி நான் வட்டம் போட்டு இணையத்துல விட்டேன். நடுவை நகர்த்த மறந்துட்டேன். லானி அண்ணன் எடுக்கல மாமா. நான்தான் காட்டிக் கொடுத்தேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஹாலிஸ் விரலைத் தட்டிலிருந்து எடுக்கவே இல்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"இந்த மாதிரி வட்டம் என் காட்டுக்கு மட்டுமா?"

"இல்ல மாமா. சர்வேக்கு இடம் காட்டின எல்லாருக்கும்."

"அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல," என்றாள் கோரின். படத்தை எடுத்தாகிவிட்டது, ஹாலிஸிடம் சொன்னால் பாரம் இறங்கிவிடும், அவ்வளவுதான் நினைத்திருந்தாள். அதற்குள் அந்தப் படத்தை எத்தனை பேர் போனில் பிடித்து வைத்திருப்பார்களோ! மற்றவர்கள் அவள் நினைப்பிலேயே வரவில்லை.

"அப்போ எனக்காக வரல நீ. உன் மனசை ஆத்திக்க வந்திருக்கே," என்றார் ஹாலிஸ். குரலில் கோபமே இல்லை. "பரவாயில்ல. நானும் யோக்கியன் இல்ல. விசாரிக்காமக் கொள்ளாம ஊர் முன்னால ஒருத்தனைத் திருடனாக்கினவன்." ஊன்றுகோலை எடுத்தார். "வண்டிய எடு. முதல்ல அவன் வீட்டுக்கு."

நெட்ரா வாசல்வரை வந்தாள். ஹாலிஸின் தொப்பியை எடுத்து நீட்டினாள்.

லானி வராந்தாவில் பழைய செயின் ரம்பத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஹாலிஸ் இறங்கி, கதவைப் பிடித்தபடியே நின்றார். அதற்குமேல் கால் நகரவில்லை. இடுப்பு வலி அல்ல அது.

"என்ன, ஷெரீஃப் வரலையா கூட?" என்றான் லானி.

கோரின்தான் முன்னால் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஹாலிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சொன்னது தப்புடா மச்சான்," என்றார்.

லானி அவரைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி கோரினைத்தான் பார்த்தான்.

"அன்னிக்குக் கடையில பார்த்தோமே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி மனசு தவித்தது.

"தெரியும்," என்றாள்.

"ம்." அவன் எழுந்து உள்ளே போனான். வலைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது. போய்விடலாமா, நிற்கலாமா என்று புரியாமல் இரண்டு பேரும் நின்றார்கள்.

கதவு மறுபடி திறந்தது. லானி கைகழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"மிச்ச வட்டக்காரங்க வீட்டுக்கெல்லாம் போகப் போறியா?"

"போகணும் அண்ணே. இன்னிக்கே."

"நானும் வரேன். எங்கிட்ட சொன்னது எனக்குப் போதாது. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நீ சொல்லணும், நான் பக்கத்துல நின்னு கேக்கணும். அவங்க என் மூஞ்சியப் பார்க்கணும்." ஹாலிஸ் முதலில் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக் கதவருகில் போனான். "தள்ளி உக்காருங்க மச்சான். இடுப்பு ஒடிஞ்ச ஆளுக்கு இவ்வளவு இடம் எதுக்கு?"

ஹாலிஸ் தள்ளி உட்கார்ந்தார்.

முதல் வீடு அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தது. கதவைத் திறந்த அம்மாள் லானியைக் கண்டதும் முகம் சுளித்தாள். பிறகு கோரினை அடையாளம் கண்டு மலர்ந்தாள்.

"அடடே, நம்ம சர்வேப் பொண்ணு! உள்ள வாம்மா, காபி போடறேன்."

"காபி அப்புறம் அம்மா," என்றாள் கோரின். "நான் சொல்றதைக் கேட்டுட்டு, கொடுக்கத் தோணினாக் கொடுங்க."