சுவருக்கு அந்தப்பக்கத்து மணி

சிட்டுவின் லாண்டரியில் பெரிய வாஷிங் மெஷின் காலையிலேயே முனகி, நடுங்கி, நின்றுவிட்டது. ஹோட்டல் போர்வைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. சிட்டு உடனே தன் அண்ணன் மனைவிக்குப் போன் போட்டாள். அண்ணி எலக்ட்ரீஷியன்.

அண்ணி வந்ததும் மெஷினைத் தட்டிப் பார்த்தாள். மோட்டார் போயிருந்தது. மாற்ற வேண்டும். சுவரில் இருந்த, மெஷினுக்கு மட்டுமான மெயினை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்தாள்.

"எதுக்கு அண்ணி பூட்டு? இங்க நான் மட்டும்தானே இருக்கேன்!"

"நீ இருக்கிறதாலதான் பூட்டு, சிட்டு. நாலு நிமிஷம் சும்மா நிக்க மாட்டியே, எதையாவது தட்டிவிடுவ."

பிறகு ரெண்டு குச்சி வைத்த டெஸ்டரை எடுத்து, வேறு லைனில் இருக்கும் வாசல் பக்கத்து பிளக் பாயின்டில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. டெஸ்டர் உயிரோடு இருக்கிறது. அதன் பின்னரே மெஷினின் பின்மூடியைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் ஒயர்களைச் சோதித்தாள். ஒன்றுக்கொன்று வைத்தாள், ஒவ்வொன்றையும் மெஷின் உடம்போடு வைத்தாள். விளக்கு எரியவில்லை.

"செத்துப்போச்சுல்ல? கையை வைங்க அண்ணி. மத்தியானம் ஹோட்டல் வண்டி வந்து நிக்கும். வெறுங்கையோட அனுப்பினா என் மானம் கப்பலேறிடும்."

"இருடி."

மூடிக்குள் இருந்த ஒயர்ப் பெட்டியின் மூலையில் ஒரு ஒல்லி ஒயர் நுழைந்திருந்தது. பஞ்சும் தூசியும் படிந்து, வேர் மாதிரி கிடந்தது. மோட்டாருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அண்ணி ஒரு குச்சியை அதன் முனையிலும் இன்னொன்றை மெஷின் உடம்பிலும் வைத்தாள்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மெயின் இறங்கியிருக்கிறது, பூட்டு தொங்குகிறது, சாவி பையில் இருக்கிறது. பிறகு இது எங்கிருந்து வருகிறது?

சில நேரம் பக்கத்து ஒயரின் சகவாசத்தால் சும்மா மிரட்டுகிற பேய்க் கரன்டும் உண்டு. அதைப் பிரித்தறிய டெஸ்டரில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் டெஸ்டர் நிஜமாகவே கொஞ்சம் கரன்டை இழுத்துப் பார்க்கும். பேய் என்றால் விளக்கு அணைந்துபோகும். அண்ணி அழுத்தினாள். விளக்கு அணையவில்லை. அதோடு சுவருக்குள்ளிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

கையை எடுத்தாள். சத்தம் நின்றது. மறுபடி வைத்து அழுத்தினாள். 'கிர்ர்ர்.'

சிட்டு அவசரத்தை மறந்து பக்கத்தில் வந்து குந்தினாள். "சுவருக்குக் காது உண்டுன்னு தெரியும். வாயுமா அண்ணி?"

"அந்தப்பக்கம் என்ன கடை?"

"சலூன்."

இருவரும் சலூனுக்கு ஓடினார்கள். ஒருவர் பாதித் தலை மழித்து, பாதி மழிக்காமல், கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் முடிவெட்டும் மெஷினும் கையுமாக நின்றார்.

"அண்ணே, உங்க கடையில ஏதாவது சத்தம் கேட்டுதா?" என்றாள் சிட்டு.

"கேட்டுது. எங்க மணிதான். இன்னிக்கு என்னவோ தொண்டை கட்டின மாதிரி அடிச்சுது."

"என்ன மணி?"

கண்ணாடிக்கு மேலே, சுவரோடு சேர்த்துப் பெயின்ட் அடிக்கப்பட்டு, ஒரு மணி இருந்தது. "நான் கடையை எடுத்தப்பவே இருந்துது. பகல்ல அப்பப்ப அடிக்கும். ஏன்னு யாருக்குத் தெரியும்? அடிச்சா நான் ஒரு டீ குடிப்பேன்."

பாதித் தலைக்காரர் சிரித்தேவிட்டார். "எனக்குத் தெரியும்யா! முன்னாடி லாண்டரி வச்சிருந்தவர் நாள் முழுக்க இந்த பெஞ்சுலதான் பேப்பர் படிச்சுக்கிட்டுக் கிடப்பார். மணி அடிச்சா, துணி ஆயிடுச்சுன்னு எழுந்து ஓடுவார்."

அண்ணிக்கு விளங்கிவிட்டது. துவைத்து முடிந்ததும் மெஷின் மணியை அடிக்கும். ஆனால் மணிக்கான கரன்ட் சலூனுடையது. டெஸ்டர் இழுத்ததும் அந்தக் கரன்டைத்தான், மணி வழியாக. மெஷினின் மெயினை இறக்கினாலும் பூட்டினாலும் அந்த ஒல்லி ஒயருக்கு ஒரு கவலையும் கிடையாது.

"இத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள்ள நான் துடைப்பத்தால பஞ்சு தள்ளியிருக்கேன்," என்றாள் சிட்டு. குரல் இறங்கியிருந்தது. அண்ணி அவள் தோளில் கை வைத்தாள்.

"உங்க மெயினையும் கொஞ்ச நேரம் இறக்கணுமே," என்றாள் சலூன்காரரிடம்.

"அப்ப இந்தத் தலை?"

"தலை எங்கேயும் ஓடிடாது," என்று பாதித் தலைக்காரரே எழுந்து, துணியோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

அண்ணி சலூன் மெயினிலும் ஒரு பூட்டைப் போட்டாள். லாண்டரிக்குத் திரும்பி, பிளக் பாயின்டில் டெஸ்டரை வைத்தாள், எரிந்தது. ஒல்லி ஒயரில் வைத்தாள், எரியவில்லை. மோட்டார் ஒயர்களையும் முதலிலிருந்து பார்த்தாள். கடைசியாக மறுபடி பிளக் பாயின்ட்.

"அதான் முதல்லயே எரிஞ்சுதே?" என்றார் பாதித் தலைக்காரர்.

"நடுவுல டெஸ்டரே செத்திருந்தா? செத்த டெஸ்டருக்கு எல்லா ஒயரும் செத்த ஒயர்தான்."

டெஸ்டரின் விளக்கு எரிந்தது. அதன் பிறகே அவள் கை உள்ளே போனது. ஒல்லி ஒயரை இரண்டு பக்கமும் கழற்றி, முனைகளை மூடினாள். சலூனுக்கு வெளிச்சம் திரும்பியது. பாதித் தலை முழுத் தலையாயிற்று. லாண்டரியில் புது மோட்டார் ஏறியது. ஹோட்டல் வண்டிக்காரரிடம் சிட்டு சாயங்காலம் வரச் சொல்லிவிட்டாள். கப்பலேறுமென்று பயந்த மானம் கரையிலேயே இருந்தது. அவர் சரி என்று போய்விட்டார்.

போர்வைகள் சுழலத் தொடங்கின. அண்ணி கை கழுவி வந்தபோது சிட்டு இஸ்திரி மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்க வாங்களேன். இந்தக் கறுப்பு ஒயர் தரைக்குள்ள போகுது. எங்கே போகுது?"

"தொட்டியா?"

"இல்ல. பார்க்கத்தான் பார்த்தேன்."

அண்ணி டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.